ஸ்டார்ட் ஆகாத பழைய கார்: எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது?

பழைய கார் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், அரை மணி நேரத்துக்குள் நாலு பேரிடமிருந்து நாலு யோசனை வந்து சேரும். பக்கத்து வீட்டுக்காரர் "கார்புரேட்டர் அடைச்சிருக்கும் சார், கழட்டி க்ளீன் பண்ணுங்க" என்பார். மெக்கானிக், பொறிக்காக மின்சாரத்தை விட்டு விட்டு அறுக்கும் சுவிட்சைக் காட்டி, "பாயின்ட்டைத் தூக்கிட்டு எலக்ட்ரானிக் போட்டுடலாம்" என்பார். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எலக்ட்ரிக் பம்ப் போடச் சொல்வார். இன்னொருவர் ஒரேயடியாக, "எம்பிஎஃப்ஐ இன்ஜினை இறக்கிடுங்க, தலைவலி விட்டுது" என்று, கார்புரேட்டரே இல்லாமல் கம்ப்யூட்டர் கணக்கில் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜினைச் சொல்லி முடித்துவிடுவார். நாலு யோசனையுமே ஏதாவது ஒரு வண்டிக்குப் பொருந்தும். உங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்று பார்க்காமல் காசை எடுத்துக் கொடுத்தால், புது உதிரிபாகம் போட்ட அதே ஸ்டார்ட் ஆகாத கார் வாசலில் நிற்கும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்புரேட்டரில் கை வைப்பது கடைசி வேலை. பழி முதலில் அதன் மேல்தான் விழும். ஆனால் நேற்று மாலை வரை ஓடிய வண்டி இன்று காலை நின்றுவிட்டால், காரணம் பெரும்பாலும் பேட்டரியிலோ, பொறியைப் பங்கிடும் டெல்கோவிலோ, பெட்ரோல் வரும் வழியிலோ இருக்கும். கார்புரேட்டர் கெடுவது மெதுவாக. ஐடிலிங் நிற்காது, மைலேஜ் குறையும், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இருமும். இப்படி மாதக்கணக்கில் சொல்லிவிட்டுத்தான் படுக்கும்.

இங்கே பேசுவது அம்பாசடர், பிரீமியர் பத்மினி, எம்பிஎஃப்ஐ வருவதற்கு முந்தைய மாருதி 800, அதே இன்ஜின் போட்ட ஆம்னி ஆகியவற்றைப் பற்றி. அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினும் பத்மினியின் 1089 சிசி இன்ஜினும் ஐம்பதுகளின் ஐரோப்பிய வடிவமைப்பு. 800-இன் 796 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜின் சுசுகியுடையது. தலைமுறை வேறானாலும் ஓடும் விதம் ஒன்றுதான். கேம்ஷாஃப்ட் இயக்கும் பம்ப் டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும். கார்புரேட்டர் அதைக் காற்றோடு கலக்கும். காயில் உண்டாக்கும் உயர் மின்னழுத்தத்தை டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது நம் மெக்கானிக்குகளின் டெல்கோ, ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்துப் பங்கிடும். ஸ்கேனர் மாட்டிப் பார்க்க எதுவும் இல்லை. அதனாலேயே வீட்டு வாசலில் வைத்தே முக்கால்வாசி கண்டுபிடித்துவிடலாம்.

காசு கொடுக்கும் முன் செய்யும் சோதனை

சாவியைத் திருப்பினால் என்ன கேட்கிறது? ஒரே ஒரு "டக்", அல்லது வேகமான "டக டக டக" என்றால் இந்தக் கட்டுரையின் பாதி உங்களுக்குத் தேவையில்லை. பேட்டரி டெர்மினல், எர்த் ஸ்ட்ராப், செல்ஃப் மோட்டார், இந்த வரிசையில் பாருங்கள். இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. பாடிக்கும் அதற்கும் மின்சார உறவு அந்த ஒரு ஸ்ட்ராப்பால்தான். அது துருப்பிடித்தால் புது பேட்டரி போட்டாலும் செல்ஃப் சோம்பும்.

செல்ஃப் சுற்றுகிறது, ஆனால் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது என்றாலும் சந்தேகம் பேட்டரி மேல்தான். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே இறங்கினால், அந்த நேரத்தில் காயிலுக்குப் போவதும் அதே வற்றிய வோல்டேஜ்தான். பொறி நோஞ்சானாக இருக்கும், பெட்ரோல் பற்றாது. "கார்புரேட்டர் ப்ராப்ளம்" என்று வரும் வண்டிகளில் இந்த வகையும் உண்டு. இன்னொரு நல்ல பேட்டரியை ஜம்பர் கேபிளால் இணைத்துப் பார்ப்பது செலவே இல்லாத சோதனை.

செல்ஃப் பலமாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால்தான் பொறியா, பெட்ரோலா என்ற கேள்வி வருகிறது. காயிலிலிருந்து டெல்கோ மூடியின் நடுவுக்கு வரும் தடித்த ஒயரை உருவுங்கள். ரப்பர் பிடி போட்ட இடுக்கியால் பிடித்து, அதன் முனையை இன்ஜின் பிளாக்கிலிருந்து 6 மி.மீ. அளவு தள்ளி வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். சுற்றுவட்டாரத்தில் பெட்ரோல் கசிவு இருக்கக் கூடாது. நீல நிறத்தில், "சட் சட்" என்று கேட்கும்படி பொறி தாண்டினால் காயில், பாயின்ட், கண்டன்சர் மூன்றும் வேலை செய்கின்றன. மஞ்சளாக, நூல் மாதிரி வந்தால் சந்தேகப்படுங்கள். நடு ஒயரில் நல்ல பொறி இருந்து, பிளக் ஒயரில் இல்லையென்றால் டெல்கோவுக்குள் சுழலும் ரோட்டாரோ, அதன் மூடியோ குற்றவாளி. ரோட்டாரின் உடலில் மயிரிழை விரிசல் இருந்தால் பொறி பிளக்குக்குப் போகாமல் குறுக்கு வழியில் ஷாஃப்ட்டுக்கே இறங்கிவிடும்.

பொறி நன்றாக இருக்கிறது என்றால் அடுத்தது பெட்ரோல். ஏர் பில்டரைக் கழற்றி, இன்ஜின் நிற்கும்போதே கார்புரேட்டரின் தொண்டைக்குள் பார்த்தபடி ஆக்ஸிலேட்டர் கம்பியைக் கையால் இழுங்கள். ஆக்ஸிலேட்டர் பம்ப் உள்ள சோலக்ஸ், மிக்குனி வகைகளில் மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பாய வேண்டும். பாய்ந்தால் கார்புரேட்டரின் குட்டித் தொட்டியான ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் இருக்கிறது. பாயவில்லையென்றால் சேம்பர் காலி, அல்லது அந்த ஆக்ஸிலேட்டர் பம்ப்பின் ரப்பர் சவ்வான டயஃப்ரம் செத்துவிட்டது.

இதை உறுதி செய்ய ஊசி இல்லாத மருந்து சிரிஞ்சில் 5 மில்லி புதுப் பெட்ரோல் எடுத்துத் தொண்டைக்குள் விட்டு, ஏர் பில்டரைத் திரும்ப மாட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பேக்ஃபயர் ஆனால் தீ மேலே பாயும், ஆகவே பில்டரை மாட்டாமல் இதைச் செய்யாதீர்கள். தீயணைப்பு சிலிண்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இன்ஜின் பிடித்து, சில விநாடி ஓடி, நின்றால் பெட்ரோல் வரும் வழியில்தான் கோளாறு. பொறியும் இருந்து, பெட்ரோலும் ஊற்றி, துப்பக்கூட இல்லையென்றால் பொறி அடிக்கும் நேரமான டைமிங், பிளக், கம்ப்ரஷன் பக்கம் போக வேண்டும்.

ஒரு விதிவிலக்கு: பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்து, பிளக்கைக் கழற்றினால் நனைந்து வந்தால், அது பெட்ரோல் இல்லாத வண்டியல்ல, மூழ்கிப்போன வண்டி. காற்றைக் குறைக்கும் சோக்கை உள்ளே தள்ளி, ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்தபடியே பிடித்து, பத்து விநாடி செல்ஃப் அடியுங்கள். மிதித்து மிதித்து விட்டால் ஒவ்வொரு மிதியிலும் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் உள்ளே போகும்.

பாயின்ட்டா, எலக்ட்ரானிக்கா?

பொறி பக்கம் கோளாறு என்று தெரிந்தால் மூன்று வழிகள். பாயின்ட், கண்டன்சரைப் புதிதாகப் போட்டு அப்படியே ஓட்டலாம். டெல்கோவுக்குள்ளேயே பாயின்ட்டுக்குப் பதில் காந்த உணரி மாட்யூல் வைக்கலாம். டெல்கோவையே எலக்ட்ரானிக் வகையாக மாற்றலாம். உங்கள் 800-இல் முன்பே யாராவது மாற்றியிருக்கலாம். மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பாயின்ட்டைப் பற்றி ஒரு அநியாயம் நடக்கிறது. அது கருகினால் பாயின்ட் மோசம் என்று தூக்கிப் போடுகிறோம். கருக வைத்தது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் கண்டன்சர். பாயின்ட் திறக்கும் கணத்தில் காயிலுக்குப் போகும் மின்சாரம் சட்டென்று அறுபட வேண்டும். அப்படி அறுபட்டால்தான் காயில் ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் துப்பும். அந்த அறுப்பைச் சுத்தமாக்குவது கண்டன்சர். அது போய்விட்டால், பிளக்கில் அடிக்க வேண்டிய பொறி பாயின்ட்டிலேயே அடித்து அதைத் தீய்த்துவிடும். புதுப் பாயின்ட் போட்டு ஒரு வாரத்தில் மறுபடி கருகினால் கண்டன்சரை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கண்டன்சருக்கு இன்னொரு குணம். குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக இருந்துவிட்டு, சூடானதும் கையை விரிக்கும். சித்திரை வெயிலில் நெடுஞ்சாலையில் ஓட்டி, டீக்கடையில் நிறுத்திவிட்டுத் திரும்ப வந்தால் ஸ்டார்ட் ஆகாது. முக்கால் மணி நேரம் கழித்து எதுவுமே நடக்காதது போல் ஸ்டார்ட் ஆகும். உடனே "ஏர் லாக்", அதாவது பெட்ரோல் வழியில் ஆவி அடைப்பு, என்று பம்ப்பின் மேல் ஈரத்துணி போடுவார்கள். துணி போட்ட நேரத்தில் கண்டன்சரும் ஆறியிருக்கும், பெயர் துணிக்குப் போய்விடும். இந்த இடத்தில் தப்புக் கணக்கு போட்டுத்தான் பலர் தேவையில்லாமல் எலக்ட்ரிக் பம்ப் வாங்குகிறார்கள். சூடாக நின்ற வண்டியில், ஆறுவதற்கு முன்பே, மேலே சொன்ன பொறிச் சோதனையைச் செய்தால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். சூடானதும் காயிலும் இதே ஆட்டத்தை ஆடும். கண்டன்சரை மாற்றியும் தீரவில்லையென்றால் அடுத்த ஆள் அதுதான்.

பாயின்ட்டின் பலம், அதை எங்கேயும் சரிசெய்யலாம் என்பது. எமரி ஷீட்டால் லேசாக உரசி, விசிட்டிங் கார்டை நடுவில் விட்டுத் துடைத்து, ஃபில்லர் கேஜால் இடைவெளி வைத்தால் வண்டி வீடு வந்து சேரும். இடைவெளி வண்டியைப் பொறுத்து 0.35 முதல் 0.45 மி.மீ. வரை. பலவீனம், அதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். கேமில் உரசும் ஃபைபர் குதிகால் தேயத் தேய இடைவெளி சுருங்கும், டைமிங் பின்னுக்குப் போகும், காலை ஸ்டார்ட்டிங் நாளுக்கு நாள் மந்தமாகும். நிறுத்தி வைத்த வண்டியில் பாயின்ட் முகத்தில் மெல்லிய படலம் படிந்து பொறியே வராமல் போவதும் உண்டு. அதற்கு மருந்து அந்த விசிட்டிங் கார்டுதான்.

மாட்யூல் போட்டால் உரசலே கிடையாது, இடைவெளி வைக்கும் வேலையும் கிடையாது. ஒருமுறை டைமிங் வைத்தால் நிற்கும், ஐடிலிங் சீராகும். ஆனால் போகும்போது ஒரேயடியாகப் போகும், நடுரோட்டில் உரசிப் பார்க்க எதுவும் இல்லை. பேட்டரி ரொம்ப இறங்கிவிட்டால் பாயின்ட் எப்படியோ பிடிக்கும் இடத்தில் சில மாட்யூல்கள் பிடிக்காது. இன்ஜின் ஓடாமல் சாவியை ஆன் நிலையில் விட்டுவிட்டு ரேடியோ கேட்பவர்கள் வீட்டில் அதற்கு ஆயுள் குறைவு. காயிலின் பிரைமரி ரெசிஸ்டன்ஸ் மாட்யூல் கேட்கும் அளவுக்குப் பொருந்த வேண்டும். சில பழைய டைனமோ வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் இருக்கும். அதைப் பார்க்காமல் சாதாரண மாட்யூலை மாட்டினால் முதல் சாவித் திருப்பிலேயே வேலை முடிந்துவிடும்.

வாரம் இரண்டு நாளாவது ஓடுகிற, ஊர்விட்டு ஊர் போகிற வண்டிக்கு நான் மாட்யூலைத்தான் சொல்வேன். கழற்றிய பாயின்ட் பிளேட்டும் ஒரு நல்ல கண்டன்சரும் டிக்கியில் கிடக்கட்டும், பத்து நிமிடத்தில் பழையபடி மாற்றிவிடலாம். மாதம் ஒருமுறை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகிற வண்டிக்குப் பாயின்ட்டே போதும். ஆனால் இரண்டுக்கும் முன்னால் டெல்கோவின் ஷாஃப்ட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பாயின்ட் இடைவெளி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொன்றாக இருக்கும். மாட்யூல் போட்டாலும் டைமிங் அலையும். புஷ் மாற்றிக் கடைசல் செய்வதோ, டெல்கோவையே மாற்றுவதோதான் அங்கே வேலை. நம் ஊர்ப் பழைய கார்களில் பலவற்றின் டெல்கோவும் காயிலும் 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ்ஸின் தயாரிப்பு. அதனால் பழைய பாடியை எடுத்துச் சரிசெய்து தரத் தெரிந்தவர்கள் சென்னையில் இன்னும் இருக்கிறார்கள்.

பெட்ரோல் வரும் வழி

கார்புரேட்டர் கார்கள் வடிவமைக்கப்பட்ட காலத்துப் பெட்ரோல் இப்போது பெட்ரோல் பங்கில் இல்லை. 2022 ஜூனில் நாடு 10 சதவீத எத்தனால் கலப்பை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் கலந்த இ20 விற்பனை தொடங்கியது. 2025-இல் 20 சதவீதமே பொது நிலையாகிவிட்டது. ஸ்டார்ட்டிங்குக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. எத்தனாலில் ஏற்கனவே ஆக்சிஜன் இருப்பதால், பெட்ரோலை அளந்து விடும் பழைய ஜெட் வழியே வரும் கலவை காற்று மிகுந்ததாகிவிடுகிறது. எத்தனால் ஆவியாக அதிக வெப்பமும் வேண்டும். அதனால் மார்கழிக் காலையில் சோக்கை முன்பைவிடச் சற்று அதிக நேரம் இழுத்து வைக்க வேண்டியிருக்கிறது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நின்றால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தங்கிவிடும், பம்ப் முதலில் உறிஞ்சுவது அந்த அடிமட்டத்தைத்தான்.

பழைய ரப்பர் ஹோஸ்களும் பம்ப் டயஃப்ரமும் இந்த எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே உரிந்து துகள்துகளாகக் கார்புரேட்டருக்குள் போகும். அடைத்த ஜெட்டைச் சுத்தம் செய்து மாட்டினால் இரண்டு வாரத்தில் மறுபடி அடைக்கும், திட்டு கார்புரேட்டருக்கு விழும். ஆகவே பெட்ரோல் பக்கத்தில் முதல் செலவு ஹோஸ்தான், அதுவும் மேலே எஸ்ஏஇ ஜே30ஆர்9 என்று அச்சிட்டிருக்கும் வகையாக இருக்கட்டும். விலை வித்தியாசம் பெரிதில்லை. பில்டரைக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள்.

அடுத்தது பம்ப். பழைய மெக்கானிக்கல் பம்ப்பையே சரிசெய்வதா, எலக்ட்ரிக் போடுவதா? மெக்கானிக்கல் பம்ப்புக்கு வயரிங் கிடையாது, இன்ஜின் நின்றால் அதுவும் நின்றுவிடும். விபத்து நேரத்தில் இது சின்ன விஷயமல்ல. குறை இரண்டு. டேங்கிலிருந்து வரும் நீண்ட குழாயில் பெட்ரோலை உறிஞ்சி இழுப்பதால், வெயிலில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி நிஜமான ஏர் லாக் வரும். இரண்டு வாரம் நின்ற வண்டியில் ஃப்ளோட் சேம்பர் வற்றிப்போயிருக்கும். அதை நிரப்ப செல்ஃபை நீண்ட நேரம் சுற்ற வேண்டும், அதற்குள் பேட்டரி களைத்துவிடும். "ஒரு வாரம் நிறுத்தினா ஸ்டார்ட்டிங் ட்ரபுள்" என்று சொல்பவர்களில் பலருக்கு இருப்பது கோளாறே அல்ல, இந்த வற்றல்தான்.

எலக்ட்ரிக் பம்ப் இரண்டையும் தீர்க்கும். டேங்க் அருகிலிருந்து தள்ளுவதால் ஆவி அடைப்பு குறையும். சாவி போட்டதும் சில விநாடியில் சேம்பர் நிறையும், செல்ஃபைத் தொட்டால் பிடிக்கும். ஆனால் வாங்கும்போது அழுத்தத்தைக் கேளுங்கள். கார்புரேட்டருக்கு வேண்டியது 2 முதல் 4 பிஎஸ்ஐ மட்டுமே. எம்பிஎஃப்ஐ வண்டியின் பம்ப் அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் தள்ளும், அதை மாட்டினால் சேம்பரின் வாசலை மூடும் நீடில் வால்வைத் தாண்டிப் பெட்ரோல் வழிந்து, இன்ஜினுக்குக் கலவை போகும் மேனிஃபோல்டில் ஊற்றும். ரிலேவும் ஃப்யூஸும் கட்டாயம். இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகு ஆயில் பிரஷர் போனால் பம்ப்பை நிறுத்தும் சுவிட்சும் வேண்டும். இல்லாவிட்டால் மோதிய வண்டியில் இன்ஜின் நின்ற பிறகும் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். "டைரக்டா சாவியிலிருந்து ஒரு லைன் எடுத்துக் குடுத்துடறேன்" என்கிற எலக்ட்ரீஷியனிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

என் கணக்கில், அடிக்கடி ஓடும் வண்டிக்கு மெக்கானிக்கல் பம்ப்பில் எத்தனால் தாங்கும் புது டயஃப்ரம் போதும். நாள்கணக்கில் நின்று எப்போதோ ஓடும் வண்டிக்குத்தான் எலக்ட்ரிக் பம்ப்பின் முழுப் பலன் கிடைக்கும். ஓடாத வண்டிக்கு எதற்கு மாடர்ன் பம்ப் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள்.

கார்புரேட்டர்

மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்தும் தீரவில்லையென்றால் இப்போது கழற்றுங்கள். இங்கே உள்ள வழிகளை விலை வரிசையில் சொன்னால்: கழற்றாமல் ஸ்ப்ரே அடிப்பது, கழற்றிச் சுத்தம் செய்து ரிப்பேர் கிட் போடுவது, ஸ்பிண்டில் புஷ் செய்து முழு ஓவர்ஹால், பழைய மார்க்கெட்டில் இன்னொன்று வாங்குவது, புதிது வாங்குவது.

ஸ்ப்ரே தொண்டையின் அழுக்கைத்தான் போக்கும். ஸ்டார்ட்டிங்குக்கும் ஐடிலிங்குக்கும் உயிரான ஸ்லோ ஜெட் ஓட்டை தலைமயிர் அளவு. நின்று வற்றிய பெட்ரோலின் பிசின் அதில்தான் முதலில் உறையும். அதைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால்தான் திறந்திருக்கிறதா என்று தெரியும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை ஜெட்டில் இரும்புக் கம்பி போனால் ஓட்டை பெரிதாகும். மேலே பொறித்திருக்கும் எண் நூறில் ஒரு பங்கு மி.மீ. கணக்கு. 120 என்றால் 1.20 மி.மீ. குத்திய பிறகு அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. க்ளீனரில் ஊறவைத்து, காற்றடித்தாலே போதும்.

ரிப்பேர் கிட்டில் பேக்கிங்குகள், நீடில் வால்வ், ஆக்ஸிலேட்டர் பம்ப் டயஃப்ரம் போன்றவை வரும். தானே வழிவது, மிதித்தால் இருமுவது, சேம்பர் வற்றுவது ஆகியவற்றுக்கு இது நேரான மருந்து. ஆனால் கிட்டால் தீராத ஒன்று ஸ்பிண்டில் தேய்மானம். ஸ்பிண்டில், அதாவது த்ராட்டில் ஷாஃப்ட், கார்புரேட்டர் உடலுக்குள் உட்காரும் துளை, முப்பது வருடம் ஆக்ஸிலேட்டர் கம்பி ஒரே பக்கம் இழுத்ததில் நீள்வட்டமாகியிருக்கும். அந்த இடைவெளியில் புகும் காற்று கணக்கில் வராத காற்று. சோக் இழுத்தால் ஓடும், உள்ளே தள்ளினால் நிற்கும், ஐடிலிங் ஸ்க்ரூவை எவ்வளவு திருகினாலும் நிலைக்காது. ஓடும் இன்ஜினில் ஸ்பிண்டிலின் இரு முனையிலும் கொஞ்சம் தண்ணீரைப் பீய்ச்சினால் சத்தம் மாறும், அதுவே சான்று. கடைசல்காரரிடம் கொடுத்து பித்தளை புஷ் போடச் செய்யலாம். செய்யத் தெரிந்தவர் கிடைத்தால் எல்லா வழிகளிலும் இதுதான் சிறந்தது. உங்கள் இன்ஜினுக்கென்றே அளந்த ஜெட்டுகளும், தொண்டையின் குறுகலான வென்சூரியும் அப்படியே நிற்கும்.

பழைய மார்க்கெட் கார்புரேட்டர் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. சென்னைப் புதுப்பேட்டையில் கிடைக்கும், விலையும் படியும். ஆனால் அது எந்த வண்டியில் எப்படி ஓடியது என்று யாருக்கும் தெரியாது. மைலேஜுக்காக ஜெட்டைச் சிறிதாக்கி ஓட்டிய டாக்ஸியிலிருந்து வந்திருக்கலாம். ஏற்கனவே இ20-இல் காற்று மிகுந்து தவிக்கும் இன்ஜினுக்கு அது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதுதான். வாங்கியே ஆக வேண்டுமென்றால் ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கிப் பாருங்கள், உள்ளே பெட்ரோல் புகுந்திருந்தால் களக் களக் என்னும். ஸ்பிண்டிலை ஆட்டிப் பாருங்கள். ஜெட் எண்களை உங்களுடையதோடு ஒப்பிடுங்கள். மேனிஃபோல்டில் உட்காரும் முகத்தில் ஸ்கேலை வைத்து வளைவு இருக்கிறதா என்று பாருங்கள்.

புதியதில் இரண்டு ரகம். கம்பெனி பெயர் போட்ட பழைய ஸ்டாக் பெட்டியோடு கிடைத்தால் அதிர்ஷ்டம். அதிலும் ரப்பர் பாகங்கள் காய்ந்திருக்கும், கிட் போட்டுத்தான் மாட்ட வேண்டும். இன்னொன்று பார்ப்பதற்கு அச்சாக இருக்கும் டூப்ளிகேட். சிலருக்கு அது நன்றாக ஓடுகிறது. ஜெட் துளையிட்ட துல்லியம் ஒவ்வொன்றுக்கும் மாறுவதால் அதை நம்பிச் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை. உடல் விரிசல் விட்டிருந்தால், அல்லது திருகு மரைகள் எல்லாம் போயிருந்தால் மட்டுமே புதிதுக்குப் போங்கள். பழையதைக் கடைக்காரரிடம் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள்.

கேஸ், எம்பிஎஃப்ஐ

எல்பிஜி கிட் உள்ள வண்டிகளில் ஒரு தனிக் கதை. கேஸிலேயே ஓட்டி ஓட்டிப் பெட்ரோலைத் தொடாமல் விட்டால், சேம்பரில் கிடந்தது வற்றிப் பிசினாகும், டயஃப்ரம் காயும். கேஸ் தீர்ந்த அன்று பெட்ரோலுக்கு மாற்றினால் எழாது. தினமும் முதல் ஐந்து நிமிடம் பெட்ரோலில் ஓட்டுவதே அதற்கு வழி. ஸ்டார்ட்டிங் கோளாறைத் தவிர்க்கப் புதிதாகக் கேஸ் கிட் போடுவது அர்த்தமில்லாதது. கோளாறு பொறியில் இருந்தால் கேஸும் பற்றாது.

எம்பிஎஃப்ஐ மாற்றம் ஒரு பெரிய திட்டம், ரிப்பேர் அல்ல. இன்ஜின், வயரிங், கம்ப்யூட்டர், டேங்க்குக்குள் பம்ப், ரிட்டர்ன் குழாய் என்று பட்டியல் நீளும். இன்ஜின் எண் மாறினால் ஆர்சியில் ஏற்ற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து விலகும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. பதினைந்து வருடம் தாண்டிய வண்டியைத் தகுதிச் சான்றான எஃப்சிக்குக் கொண்டுபோகும்போது இது நெற்றியில் எழுதி ஒட்டியதுபோல் தெரியும். தினமும் அலுவலகம் போக நம்பகமான வண்டி வேண்டுமென்றால் அந்தப் பணத்தில் தனியாக ஒரு பழைய எம்பிஎஃப்ஐ கார் வாங்கிக்கொள்ளலாம்.

வருடக்கணக்கில் நின்ற வண்டி

அப்பாவின் அம்பாசடர், ஊர் வீட்டு ஷெட்டில் எட்டு வருடமாக நிற்கிறது, இப்போது எடுக்கப் பார்க்கிறோம் என்பவர்களுக்கு மேலே சொன்ன வரிசை மாறும். பேட்டரி வைத்து செல்ஃபைத் தட்டிப் பார்க்கும் ஆசையை முதலில் அடக்குங்கள். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, ஒரு நாள் முழுக்க ஊறவிடுங்கள். அம்பாசடரிலும் பத்மினியிலும் முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றலாம். பிளக் இல்லாமல் இன்ஜின் இலகுவாகச் சுழல்கிறதா என்று கையாலேயே உணருங்கள். கைப்பிடியைப் பிடிக்கும்போது கட்டைவிரலும் மற்ற விரல்களின் பக்கமே இருக்கட்டும். பின்னாளில் பிளக்கோடு சுற்றும்போது இன்ஜின் திருப்பி உதைத்தால் விரல் தப்பும்.

சுழன்றால் கம்ப்ரஷன் கேஜ் போட்டுப் பாருங்கள். நாலு சிலிண்டரும் ஓரளவு சமமாக 100 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் மேலே சொன்ன செலவுகளைத் தைரியமாகச் செய்யலாம். அடுத்தடுத்த இரண்டு மட்டும் விழுந்திருந்தால் ஹெட் கேஸ்கட் மேல் சந்தேகப்படுங்கள். ஏதோ ஒன்று மட்டும் குறைவென்றால் வால்வைத் திறக்கும் டேப்பட்டின் இடைவெளியைப் பாருங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நாடு முழுக்க நிறுத்தப்பட்ட பிறகு, பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுகளில் எக்ஸாஸ்ட் வால்வ் சீட் மெல்ல மெல்லத் தேய்ந்து இடைவெளி மூடிக்கொள்வதுண்டு. வால்வ் முழுதாக மூடாத சிலிண்டரில் எந்தக் கார்புரேட்டரும் மாட்யூலும் ஒன்றும் செய்ய முடியாது.

டேங்கில் கிடக்கும் பெட்ரோலை ஒரு சொட்டுகூட விடாமல் இறக்குங்கள். வார்னிஷ் வாடை அடிக்கும். டேங்கை இறக்கிக் கழுவ முடியாதென்றால், இன்ஜின் ஓடும் வரை வெளியே ஒரு லிட்டர் கேனிலிருந்து புது ஹோஸ் வழியே பம்ப்புக்குப் பெட்ரோல் கொடுங்கள். இன்ஜின் ஓடி ஐடிலிங் பிடித்த பிறகு டேங்கில் 5 லிட்டர் மட்டும் ஊற்றி, இரண்டு மூன்று உபரி பில்டர்களோடு ஊரைச் சுற்றுங்கள். அடியில் எவ்வளவு துரு இருக்கிறது என்பதை முதல் பில்டர் நிறம் மாறும் வேகம் சொல்லிவிடும். டேங்கை இறக்குவதா, வேண்டாமா என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.